தென்னை நிழலில் கற்பூரவள்ளி விரிப்பு: கடற்கரை மணலில் ஒரு பாத்தி

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத் தென்னந்தோப்புகளில் மரத்தடி மணல் வெறுமையாகத்தான் கிடக்கும். வெயில் நேரடியாகப் படாது, புல்லும் ஒழுங்காக வராது, கச்சான் (தென்மேற்குக்) காற்று தொடங்கினால் மேல்மண் பறக்கும். அந்த இடத்தை வாசமுள்ள செடியால் மூடுவதுதான் இங்கே வேலை. செடி கற்பூரவள்ளி, அதாவது ஓமவல்லி. நாற்றுப் பண்ணையில் கேட்கும்போது "கற்பூரவள்ளிச் செடி" என்று அழுத்திச் சொல்லுங்கள். "கற்பூரவள்ளிக் கன்று" என்றால் வாழைக்கன்று கைக்கு வரும்.

வேறு மூலிகைகளையும் எண்ணிப் பார்க்கலாம். நிழலில் தரையோடு தரையாக இலை விரிப்பதில் கச்சோலத்துக்கு இணை கிடையாது. ஆனால் மழை ஓய்ந்ததும் அதன் இலை காய்ந்து கிழங்கு உறங்கப் போய்விடும். மாசி முதல் ஆடி வரை, மூடாக்கு மிகத் தேவைப்படும் மாதங்களில், பாத்தி மொட்டையாகக் கிடக்கும். கேரளத்துக்கு அது சரி, நம் கரைக்குச் சரிவராது. துளசியும் மருக்கொழுந்தும் வெயில் கேட்பவை, நிமிர்ந்து வளர்பவை. கற்பூரவள்ளியின் சதைப்பற்றான தண்டும் இலையும் நீரைச் சேர்த்து வைக்கும். தண்டு சாய்ந்து மண்ணைத் தொட்டால் அந்தக் கணுவில் வேர் இறங்கும். இந்த இரண்டு குணங்களை நம்பித்தான் வேலையை ஆரம்பிக்கிறோம். ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: இது தானாகப் பாய் விரிக்கும் செடி அல்ல. விட்டால் முழங்கால் உயரம் எழும்பி, சாய்ந்து, நடுவில் வழுக்கை விழும். வெட்டுவதும் தண்டைத் தரையில் ஊன்றுவதும்தான் அதை விரிப்பாக்கும்.

நிழலின் அளவு

நடுப்பகலில் வெள்ளைத் துணி ஒன்றைத் தரையில் விரித்துப் பாருங்கள். துணியில் பாதிக்கு வெயில் புள்ளிகள் விழுந்தால் நல்ல இடம். கையை நீட்டினால் நிழலின் ஓரம் கலங்கித் தெரிய வேண்டும், ஆனால் தெரிய வேண்டும். நிழலே தெரியாத இருட்டு, உதாரணமாக அடர்ந்த புளியமரத்தடி, ஆகாது. அங்கே கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை மெலிந்து, வாசம் குறைந்து செடி நோஞ்சானாகும். முழு வெயிலில் இலை சிறுத்து மஞ்சள் தட்டி, ஓரம் சிவக்கும். சாகாது, ஆனால் தரையை மூடாது.

தென்னைக்கு வயது முக்கியம். ஏழெட்டு வயது முதல் இருபது, இருபத்தைந்து வரை மட்டைகள் தாழ்ந்து அடர்ந்து நிற்கும். அந்தத் தோப்பில் மரத்தடியை விட்டு, வரிசைகளுக்கு நடுவே பாத்தி போட வேண்டும். அதற்கு மேல் வயதான மரங்களின் கீழ் ஒளி தாராளமாக இறங்கும். எந்த வயதானாலும் மரத்தைச் சுற்றி 6 அடிக்கு எருவும் உரமும் வைக்கிற வட்டப்பாத்தி இருக்கிறது. அதற்குள் நட்டால் ஒவ்வொரு முறை உரம் வைக்கும்போதும் செடியைக் கிளற வேண்டிவரும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 12 அடிக்கு 10 அடி, அதாவது 120 சதுர அடிப் பாத்திக்கு.

முதலில் தண்ணீர், பிறகு மண்

கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். மார்கழியில் இனித்த கிணறு வைகாசியில் கரிப்பதற்கும் இதுதான் காரணம். உப்பை அளக்க, குடிநீருக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். 1,000 ppm-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1,000 முதல் 1,800 வரை இருந்தால் ஓட்டலாம், ஆனால் இலைமேல் படாமல் மண்ணுக்கு மட்டும் ஊற்ற வேண்டும்; மாதம் ஒருமுறை ஒரே மூச்சில் 250 லிட்டர் விட்டு, மேல்மண்ணில் தங்கிய உப்பைக் கீழே கழுவ வேண்டும். அதற்கும் மேலே போனால் இலை ஓரம் கருகத் தொடங்கும். அந்தக் கிணற்றை நம்பி 120 சதுர அடி போடாமல், தொட்டியில் நாலு செடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாத்திக்கு வேண்டியவை:

கண்மாய் வண்டல் 10 கன அடி (சாந்துச் சட்டியில் சுமார் 25)
நன்கு மக்கிய ஆட்டு எரு 25 கிலோ
வேப்பம் பிண்ணாக்கு 2 கிலோ
பச்சைத் தென்னை ஈர்க்கு ஒரு கட்டு
கிடுகு அல்லது பழைய பனையோலை, காற்று வரும் பக்கத்துக்கு

வண்டலைப் பார்த்து எடுக்க வேண்டும். கடலோரக் கண்மாய்களில் உவர் பூத்த இடங்கள் உண்டு. காய்ந்த கட்டியின் மேல் வெள்ளைப் பொருக்கு இருந்தால் தொடவே வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு டம்ளர் வண்டலை இரண்டு டம்ளர் நல்ல தண்ணீரில் கலக்கி, அரை மணி தெளியவிட்டு, மேல்நீரில் மீட்டரை வையுங்கள். ஊற்றிய தண்ணீர் தனியாகக் காட்டிய எண்ணைவிடப் பல நூறு கூடினால் அந்த வண்டல் வேண்டாம்.

வண்டலை மணல் மேல் ஓர் அடுக்காகப் பரப்பி விடுவது பலரும் செய்யும் தப்பு. முதல் மழையில் அது ஓடுபோல் இறுகும், தண்ணீர் மேலே நிற்கும், செடியின் கழுத்து அழுகும். 6 அங்குல ஆழத்துக்கு மணலோடு சேர்த்து இரண்டு முறை கொத்திப் புரட்ட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். உப்புக்குப் பயந்து வண்டலைச் சோதித்துவிட்டு, நார்க்கழிவு மூட்டையை அப்படியே கொட்டுவதில் அர்த்தமில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் மழையில் ஒரு பருவம் கிடந்த பழையதைப் போடுங்கள்.

ஆட்டு எருவில் இந்த மாவட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. கிடை ஆடு சீமைக்கருவேல நெற்றைத் தின்றிருக்கும், விதை புழுக்கையோடு முளைப்புத் திறன் கெடாமல் வெளியே வரும். எருவைப் பாத்தியில் கலந்து தண்ணீர் காட்டி, இரண்டு வாரம் சும்மா போடுங்கள். கருவேலங்கன்று இரண்டிலை விட்டதும் கையோடு பிடுங்கலாம். வேர் ஒரு சாண் இறங்கிவிட்டால் கற்பூரவள்ளிக்கு நடுவே முள்ளைத் துழாவ வேண்டியதுதான். கோரையும் அப்படியே: நட்ட பிறகு கோரைக்கிழங்கைத் தோண்ட முடியாது, இந்த இரண்டு வாரத்திலேயே ஒழிக்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு மண்ணில் கலந்து மட்குவதற்கும் இதே அவகாசம் வேண்டும்.

வரப்புக்குக் கல் வேண்டுமென்று கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை அள்ளி வராதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, எடுப்பது குற்றம். சட்டத்தை விட்டாலும் அது சுண்ணாம்பு, ஏற்கனவே காரத்தன்மை உள்ள மண்ணில் இன்னும் காரத்தை ஏற்றும். காய்ந்த பனைமட்டையை வரிசையாகப் பதித்தால் வரப்புக்குப் போதும்.

நடவு

தை மாதம்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டுத்தண்டு வேர் பிடிப்பதற்கு முன் அழுகும். தையில் மண்ணில் ஈரம் இருக்கும், வாடைக் காற்றின் குளுமை இருக்கும், பங்குனி வெயிலுக்குள் வேர் ஓடிவிடும். தையை விட்டவர்கள் ஆவணியில் நடலாம், தண்ணீர்ச் செலவு அதிகம்.

இந்தச் செடியில் விதையை எதிர்பார்க்க வேண்டாம், தண்டுதான் வித்து. மிக இளசான நுனி வாடிப்போகும், மரம்போல் பழுத்த அடித்தண்டு வேர் விடச் சோம்பும். இடைப்பட்ட பச்சைத் தண்டை எடுங்கள். நீளம் அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 12 முதல் 15 செ.மீ., நான்கு கணு இருக்க வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் ஒரே வெட்டு. அடி இரண்டு கணுவின் இலையை நீக்கி, மேலே இரண்டு ஜோடி விடவும். பெரிய இலை என்றால் பாதியாகக் கிள்ளலாம். 120 தண்டு பாத்திக்கு, 15 தண்டு ஓரத்தில் கையிருப்பாக.

வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் சாக்கின்மேல் பரப்பி ஒரு பகல் முழுதும் காயவிட்டு, சாயங்காலம் நடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால் அழுகல் உள்ளே நுழைவது குறையும். சதைத் தண்டில் இந்த ஒரு பகலைத் தவிர்த்தால் அதன் பலன் பத்தாம் நாள் கறுத்த தண்டாகத் தெரியும்.

வரிசைக்கு வரிசை 1 அடி, செடிக்குச் செடி 1 அடி, அடுத்த வரிசை அரையடி தள்ளி. விரலால் குழி போட்டு இரண்டு கணு புதையும்படி சாய்வாக நட்டு மண்ணை அணைக்கவும். முதல் பத்து நாள் தினமும் காலையில் பூவாளியால் 40 லிட்டர். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 60 லிட்டர். ஆறு வாரம் கழிந்தால் வாரம் இரண்டு முறை 100 லிட்டர், கத்திரியில் மூன்று நாளைக்கு ஒருமுறை. மணலில் ஒரேயடியாக ஊற்றுவது அடிமண்ணுக்குத்தான் போகும், வேர் மேல் அரையடியில் இருக்கிறது.

எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நுனியில் புது இலை விரியும். இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், இழுக்காதீர்கள். புது வேர் நூல்போல் அறும்.

காற்று வரும் பக்கத்தில் இரண்டடி உயரத்துக்குக் கிடுகு நிறுத்துவது பாத்தி எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகடல் உப்பை வாடைக் காற்று கொண்டுவரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தென்கடல் காற்றும் கச்சானும் மணலையும் சேர்த்து வீசும். இலை மயிர்க்கால் நிறைந்தது, உப்புத் தூசி ஒட்டினால் லேசில் போகாது. பலத்த கடற்காற்று அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

ஆறாவது வாரம் முதல்: ஊன்றும் வேலை

தண்டு ஒரு சாண் நீண்டதும் நுனியைக் கிள்ளவும். இரண்டு பக்கக் கிளை வரும். அவை முக்கால் அடி ஆனதும் காலி மணல் இருக்கும் திசைக்கு வளைத்துப் படுக்கவைத்து, ஒரு கணுவின் இலையை நீக்கி, அந்த இடத்தில் ஈர்க்கால் குத்த வேண்டும். இரண்டு பச்சை ஈர்க்கை ஒரு முழத் துண்டாகச் சேர்த்து, நடுவில் மடித்து, கொக்கிபோல் அழுத்தினால் ஆயிற்று. காய்ந்த ஈர்க்கு மடிக்கும்போது ஒடியும். கணு மேல் ஒரு பிடி ஈர மண். மூன்று வாரத்தில் அங்கே தனி வேர், அதன் பிறகு ஈர்க்கு மக்கிப்போனாலும் பரவாயில்லை. தண்டை வெயிலேறிய பிறகு வளைக்கவும். காலையில் நீர் கோத்து விறைத்திருக்கும், படக்கென்று ஒடியும்.

ஒரு செடிக்கு மூன்று நான்கு ஊன்றல் போதும். நட்டதிலிருந்து மூன்றரை, நான்கு மாதத்தில் மணல் கண்ணுக்குத் தெரியாமல் மூடும். அதுவரை இடைவெளியில் தென்னோலை நறுக்கை 2 அங்குலத்துக்குப் போடலாம், தண்டைத் தொடாமல். ஓலைக்குக் கரையான் வரும், அடிக்கடி புரட்டிப் பாருங்கள். கோழி வளர்க்கும் வீடானால் இந்த நான்கு மாதம் வலை கட்டாமல் தப்பாது. ஊன்றிய கணுவை அது ஒரு கிளறலில் வெளியே எடுத்துவிடும்.

மூடியபின் உயரத்தை முக்கால் அடியில் நிறுத்த வேண்டும். 45 நாள் முதல் 60 நாளுக்கு ஒருமுறை, மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டவும். தேங்காய் வெட்டும் ஏறத்தாழ அதே இடைவெளியில்தான் வரும், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. மரமேறி வருவதற்கு முன்தினம் பாத்தியை வெட்டிவிட்டால், விழுகிற காயும் மட்டையும் ஒடிப்பதற்கு நீண்ட தண்டு இருக்காது. குலையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒடிந்ததைக் கிழித்து எறிய வேண்டாம், அதையும் நறுக்கி அங்கேயே ஊன்றலாம்.

நடக்கும் பாதையாக இதை நினைக்கக் கூடாது. மிதித்தால் வாசம் வரும், கூடவே தண்டும் நொறுங்கும். குறுக்கே போக வேண்டுமென்றால் முன்னரே இரண்டடிக்கு ஒரு கல் பதித்து, அந்தக் கல்லில் மட்டும் கால் வைக்க வேண்டும். "இதை நட்டால் கொசு வராது" என்பதையும் நம்ப வேண்டாம். வாசத் தைலம் இலைச் சுரப்பிகளுக்குள் அடைந்திருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். சும்மா நிற்கும் செடி கொசுவை ஒன்றும் செய்யாது.

கெடுவது எங்கே

அடித்தண்டு கறுத்து, கொழகொழவென்று இளகினால் நீர் தேங்கிய அழுகல். பெரும்பாலும் மழைக்காலத்தில், பாத்தியின் தாழ்ந்த மூலையில் தொடங்கும். அந்தச் செடியை மண்ணோடு எடுத்துவிட்டு, அங்கே இரண்டு சட்டி மணல் சேர்த்து மேடாக்கவும். மருந்தைத் தேடுவதற்கு முன் தண்ணீருக்கு வழி வெட்டுங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு வெட்டு வெட்டி, உள்ளே காற்று போக விட்டால் பாதித் தொல்லை வராது.

புதுத்தளிர் வெளுத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. சிப்பித் துகள் கலந்த கார மணலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளிக்கவும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மஞ்சள் பழைய இலையில் இருந்து தொடங்கினால் அது வேறு, எரு போதவில்லை என்று பொருள்.

செடி காரணமில்லாமல் குன்றி, பகலில் வாடி, சாயங்காலம் தேறினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மணல் பூமி அதற்குச் சொர்க்கம். அந்தப் பகுதியைக் காலி செய்து, ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு, அதையே மடித்து உழுதுவிட்டுப் பிறகு புதுத்தண்டு நடவும். முடிச்சுள்ள செடியிலிருந்து ஊன்றல் எடுத்து வேறு பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

இலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்தால் குற்றம் கற்பூரவள்ளியில் இல்லை, அண்ணாந்து பாருங்கள். தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2016 முதல் தமிழ்நாட்டுத் தோப்புகளில் இருக்கிறது. ஓலையின் அடியில் இருந்து அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டும், அதில் கரும்பூசணம் படரும். மேலே ஓலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி ஈயைக் குறைக்க வேண்டும். கீழே கறுத்த இலையைச் சமையலுக்கு எடுக்காமல் ஒரு வெட்டில் நீக்கிவிடலாம், புது இலை சுத்தமாக வரும்.

கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. கொஞ்சம் என்றால் அந்தக் கிளையோடு ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் போடவும். பரவியிருந்தால் லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி., வெயில் தாழ்ந்தபின். நடுப்பகலில் எண்ணெய் தெளித்தால் சதை இலை வெந்துவிடும். தெளித்தபின் ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு

பதினெட்டு மாதத்துக்கு மேல் அடித்தண்டு மரமாகி நடுவில் வழுக்கை விழத் தொடங்கும். பாத்தியை மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு தையிலும் ஒரு பட்டையைப் பிடுங்கிப் புதுத்தண்டு நட்டால் தரை ஒரேயடியாக வெறுமையாகாது. பிடுங்கிய பட்டைக்கு எரு 8 கிலோ, பிண்ணாக்கு அரைக் கிலோ. வெள்ளை ஓரமுள்ள அழகு வகையை இதில் கலக்க வேண்டாம். மெதுவாக வளரும், பச்சை வகை அதை விழுங்கிவிடும்.

அடுப்படிக்கு

காலையில் பனி காய்ந்தபின், நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது ஜோடி இலையைப் பறியுங்கள். நுனி இலையில் வாசம் குறைவு, அடியிலை முற்றி நாராக இருக்கும். காயவைத்துச் சேமிக்கலாம் என்று தொடங்கினால் ஏமாற்றம்தான்: நீர் மிகுந்த இலை வெயிலில் கறுக்கும், நிழலில் காய்வதற்குள் பாதி வாசம் போகும். செடியில் இருப்பதே சேமிப்பு.

பஜ்ஜிக்குக் கடலை மாவு 100 கிராம், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, பெருங்காயம், உப்பு. ஓமம் போடாதீர்கள், இலையிலேயே இருக்கிறது. ஓமத்தின் வாசத்துக்குக் காரணமான தைமாலும் அதன் உறவான கார்வக்ராலும்தான் இந்த இலையின் தைலத்திலும். கழுவிய இலையைத் துணியில் நன்றாக ஒற்ற வேண்டும். மயிர்க்காலில் நிற்கும் நீரில் மாவு வழுக்கி, எண்ணெயில் இலை தனி, மாவு தனி என்று பிரியும். ரசத்துக்கு நாலு இலையைக் கிழித்து, நுரை கூடும்போது போட்டு உடனே இறக்கவும், கொதித்தால் கசக்கும். விளைமீன் வறுவலுக்கு மிளகாய் மசாலாவோடு அரைக் கிலோவுக்கு ஆறு இலை அரைத்துப் பாருங்கள், பூண்டைப் பாதியாகக் குறைத்து.

சளிக்குக் கஷாயம் வைப்பவர்கள் பெரியவர்களுக்கு மூன்று நான்கு இலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இலைச்சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்து, அந்த வயதில் தேனே ஆகாது. மூச்சு இளைத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டைக் குப்பைமேட்டில் போட்டால் அங்கேயே வேர் விட்டு நிற்கும். பிடுங்க வேண்டாம், அடுத்த தைக்கு நாற்று அதிலிருந்தே எடுக்கலாம்.